சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு

என் மகன் படிக்கும் பள்ளியில் ஆண்டு மலர் போடுகிறார்கள். இந்த வருடம் பெற்றோரும் எழுத வேண்டுமாம்.

"அப்பா, நீ என்ன வேலை பாத்தேன்னு எழுதிக் குடு" என்றான்.

"வீடியோ கடையில வேலை பாத்தாருன்னு எழுதிக்க. போதும்."

"அது ஒரு வரிதான்ப்பா. டிவில ஓடறத கம்ப்யூட்டர்ல எப்படிப் புடிச்சீங்க, அத எழுது. என் கிளாஸ்ல யாருக்கும் தெரியாது."

அவன் கேட்டதும் நியாயம்தான். இன்றைக்கு டிவியில் வந்தது பத்து நிமிடத்தில் போனுக்கு வந்துவிடுகிறது. நல்ல வசதி. அப்போதே இது இருந்திருந்தால் பாதி நாள் நான் மேசைக்கு அடியில் தவழ்ந்திருக்க மாட்டேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். பிழை இருந்தால் தமிழ் ஐயா திருத்திக்கொள்வார் என்றான் மகன். அந்தத் தைரியத்தில் பிள்ளைகளே, உங்களுக்கு எழுதுகிறேன்.

சின்ன வயதில் கேபிள்காரரிடம் கம்பம் ஏறி ஒயர் இழுத்தேன். பிறகு டிவி மெக்கானிக் ஒருவரிடம் ஈயம் உருக்கி ஒயரை ஒட்டுகிற சால்டர் வேலை பழகினேன். அங்கிருந்து காரிமங்கலத்தில் ஸ்டெல்லா அக்காவின் வீடியோ கடைக்கு வந்தேன். கடைசியாக வேலை பார்த்ததும் அங்கேதான். அக்காவின் வீட்டுக்காரர் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கப் போவார். கடையும் கம்ப்யூட்டர்களும் அக்காவின் பொறுப்பு. வயதில் என்னைவிடச் சின்னவர். ஆனாலும் ஊரே அக்கா என்றதால் நானும் அக்கா என்றேன். அவர் என்னை மாதுண்ணா என்பார். எனக்கு அவர் அக்கா, அவருக்கு நான் அண்ணன். யார் மூத்தவர் என்று ஒருவரும் கேட்டதில்லை.

முதலில் ஒயர்களைச் சொல்லிவிடுகிறேன். பழைய டிவி, கேசட் பிளேயர், டிஷ் பெட்டி எதுவாக இருந்தாலும் முதுகில் மூன்று வட்டத் துளைகள் இருக்கும். மஞ்சள் படத்துக்கு. சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு. கம்ப்யூட்டருக்குள் டிவி கார்டு என்று ஒன்றைச் செருகியிருப்போம். பெட்டியிலிருந்து வரும் மஞ்சள் ஒயர் நேராக அந்தக் கார்டுக்குப் போகும். சத்தத்துக்கு வேறு வழி. சிவப்பும் வெள்ளையும் சேர்ந்து மறு நுனியில் ஒரே ஊசிமுனையாகும். அந்த முனையைக் கம்ப்யூட்டரின் பின்னால் நீல நிறத் துளையில் செருக வேண்டும். பக்கத்திலேயே இளஞ்சிவப்பில் ஒரு துளை இருக்கும். அது மைக்குக்கு உரியது. அவசரத்தில் கை அங்கேதான் போகும்.

ஸ்டெல்லா அக்காவுக்கு ஒரு பழக்கம். ஏதாவது வரவில்லை என்றால் திட்ட மாட்டார். "அப்படியா?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். "படம் எங்கிருந்து கிளம்புது? சொல்லுங்க" என்பார். நான் ஒயர்மேல் விரலை வைத்துக்கொண்டே சொல்ல வேண்டும். கேபிள், கேபிளிலிருந்து பெட்டி, பெட்டியிலிருந்து மஞ்சள் ஒயர், ஒயரிலிருந்து கார்டு. விரல் எங்கே தயங்குகிறதோ அங்கேதான் கோளாறு இருக்கும். எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு வீட்டில் மோட்டாரில் தண்ணீர் வராவிட்டால்கூட நான் கிணற்றிலிருந்து விரலை ஓட்ட ஆரம்பித்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்வார். "ஸ்க்ரீன்ல தெரியுதுங்கறதுக்காகப் பதிவாகுதுன்னு நெனச்சுக்காதீங்க." கொஞ்ச நேரம் பதிவு செய்து, நிறுத்தி, அதைத் திறந்து பார்த்து, ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டுவிட்டுத்தான் உண்மையான பதிவைத் தொடங்க வேண்டும்.

வந்த புதிதில் ஒரு கல்யாணக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். டிவியில் படம் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. நான் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் கம்ப்யூட்டரில் நலங்கோடு நின்றிருக்கிறது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களில் ஒரு கோப்பு குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளராது. தாலி கட்டுவதற்கு முன்னாலேயே அந்த அளவு முடிந்துவிட்டது.

"கல்யாணம் நின்னு போச்சாண்ணா?" என்றார் அக்கா.

கேசட்டை முதலுக்குத் திருப்பி, பகுதி பகுதியாகப் பிரித்து ஏற்றினேன். கேசட்டைத் திருப்பலாம். டிவியில் ஒரு முறை போவதைத் திருப்ப வழியில்லை. அதனால் டிவியைப் பிடிக்கிற வேலை என்றாலே முதல் நாளே எல்லா ஒயரிலும் இரண்டு முறை விரலை ஓட்டிவிடுவேன்.

அப்படி ஒரு வேலையைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

கம்பைநல்லூர்ப் பக்கத்திலிருந்து கோவிந்தன் என்று ஒருவர் வந்தார். தக்காளி போடுகிற விவசாயி. கூட அவர் மனைவி ராஜம்மா. அந்த அம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. உள்ளே வந்ததும் எங்கள் கடையில் இருந்த எல்லா டிவிகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"எம்பொண்ணு டிவில வருதுங்க. அத அப்படியே புடிச்சுக் குடுக்கணும்" என்றார் கோவிந்தன்.

"என்ன புரோகிராம்ங்க? பாட்டா, டான்ஸா?" என்று கேட்டேன்.

"மூலைல வருதுங்க."

"மூலையிலயா?"

"நியூஸ் படிக்கறப்ப மூலைல சின்னக் கட்டத்துக்குள்ள நின்னுக்கிட்டு ஒருத்தர் கையாலயே சொல்லுவாங்க இல்லீங்களா? இந்த ஞாயித்துக்கெழம அதுல எங்க சுமதி நிக்குது. எப்பவும் வர்றவங்க லீவாம். ஒரு நாளைக்குத்தான் கூப்புட்டிருக்காங்க. அப்புறம் கூப்புடுவாங்களோ மாட்டாங்களோ."

மகளுக்குக் காது நன்றாகக் கேட்கும். நகரத்துக்குப் போய், காது கேளாதவர்களுக்கான சைகை மொழியைப் படித்து வந்த பெண்.

எங்கள் கடைக்குக் கேபிள் இணைப்பு இருந்தது. அந்தச் சேனலைப் போட்டுப் பார்த்தோம். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். எங்கள் கேபிள்காரர் எல்லாச் சேனலிலும் அடியில் உள்ளூர் விளம்பரம் ஓட்டுவார். ஜவுளிக்கடை, நகைக்கடை, யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து. சுமதி நிற்கப்போகிற கட்டத்தின் கீழ்ப்பாதி சரியாக அந்தப் பட்டைக்கு அடியில் மறைந்திருந்தது. முகம் தெரியும், கை தெரியாது.

கேபிள்காரருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, ஞாயித்துக்கெழம மத்தியானம் கொஞ்ச நேரம் ஸ்க்ரோலிங்க நிறுத்த முடியுமா?"

"எப்படிப்பா முடியும்? ஞாயித்துக்கெழம ஜவுளிக்கடைக்காரரு வூட்ல உக்காந்து அவரு விளம்பரத்தத்தானே பாத்துக்கிட்டிருப்பாரு. நின்னா ஒடனே போன் வரும்."

"கொஞ்சம் மேலயாவது தூக்கிப் போடுங்களேன்."

"மேல தூக்குனா நியூஸ் படிக்கறவரு கழுத்துல மாலையாட்டம் ஓடும். போப்பா."

வேறு வழியில்லை. அக்கா வீட்டில் இருந்த டிஷ்ஷைக் கழற்றிக் கடையின் மொட்டை மாடிக்குக் கொண்டுவந்தோம். அதில் விளம்பரப் பட்டை வராது. சனிக்கிழமை பொருத்தினோம். அன்றைக்கும் கோவிந்தனும் ராஜம்மாவும் வந்துவிட்டார்கள்.

டிஷ்ஷைத் திருப்புகிற வேலை பார்த்திருக்கிறீர்களா? ஒருவர் மாடியில் நின்று மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். இன்னொருவர் கீழே டிவியைப் பார்த்து "வந்துச்சு! போச்சு! போச்சுடா!" என்று கத்த வேண்டும். எங்கள் கடை பஸ் போகிற ரோட்டில் இருந்தது. கிருஷ்ணகிரி பஸ் ஒன்று ஹாரன் அடித்தால் "வந்துச்சு" என்றதா "போச்சு" என்றதா என்றே தெரியாது.

ராஜம்மா இதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடமும் கேட்கவில்லை, அக்காவிடமும் கேட்கவில்லை. தெருவுக்கு இறங்கி, கடைக்குள் இருக்கும் டிவியும் மாடியில் இருக்கும் நானும் ஒருசேரத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டார். டிவியைப் பார்ப்பார், எனக்குக் கை காட்டுவார். இந்தப் பக்கம். இன்னும் கொஞ்சம். கொஞ்சம்தான். நிறுத்து. பஸ் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. அவ்வளவு சீக்கிரமாக நான் ஒரு டிஷ்ஷைத் திருப்பி முடித்ததே இல்லை. இறங்கி வந்ததும் கும்பிட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, நெற்றி வியர்வையை வழித்து என்மேல் உதறுவது போல் கை காட்டினார். அதற்கு என்ன அர்த்தம் என்று கோவிந்தனைக் கேட்டேன்.

"எல்லா வேலையும் நாந்தான் பாத்தேன், நீ சும்மா ஆடிக்கிட்டு நின்னேங்குதுங்க."

அன்றைக்கே படம், சத்தம் எல்லாம் பதிவு செய்து பார்த்துவிட்டோம். நன்றாக வந்தது. கடை சாத்தும்போது சத்த ஒயரை மட்டும் கழற்றி, எப்போதும்போல ஆணியில் மாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை முடித்துக் கடைக்கு வந்தார். நான் ஆணியிலிருந்த ஒயரை எடுத்துச் செருகிவிட்டு, வழக்கம்போல ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். கம்ப்யூட்டர் தானாக அணைந்து போகாதபடி மாற்றியாயிற்று. வட்டில் இடம் இருக்கிறது. படத்தில் கோடு விழாமலிருக்க, அதே லைனில் இருந்த ஃபேனை நிறுத்தியாயிற்று. பக்கத்து ஜூஸ் கடைக்காரரிடம் அந்த நேரத்தில் மிக்சி போட வேண்டாம் என்று சொல்லியாயிற்று. அவரும் "உங்க கடைக்கு மட்டும்தான் ஞாயித்துக்கெழம வேலை போலக் கீது" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். கோவிந்தனும் ராஜம்மாவும் குளித்து, புதுத்துணி உடுத்தி, கல்யாணத்துக்கு வந்தவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள்.

சோதனைக்குக் கொஞ்சம் பதிவு செய்து திறந்தேன். படம் பளிச்சென்று இருந்தது. காதில் மாட்டினால் வண்டு ரீங்காரம்போல ஒரு இரைச்சல். பேச்சு வரவில்லை.

நீலத் துளைதானா என்று பார்த்தேன். நீலம்தான். திரையில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டைகளை ஏற்றி இறக்கினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். இரைச்சல் அப்படியே இருந்தது. செய்திக்கு அதிக நேரம் இல்லை.

அக்கா என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார். "மாதுண்ணா, படம் நல்லாத்தானே இருக்குது? அந்தம்மாவுக்குச் சத்தம் எதுக்கு? விடுங்க, சத்தம் இல்லாமயே புடிச்சிருவோம். இதப் போட்டு நோண்டப் போயி படமும் போயிடப் போவுது."

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. காது கேட்காத ஒருவர் பார்க்கப்போகிறார். பெண்ணோ வாய் திறந்து பேசப்போவதில்லை, கையால் பேசப்போகிறாள். சத்தம் எதற்கு?

கோவிந்தனுக்கு அது கேட்டுவிட்டது. எழுந்து வந்தார்.

"சத்தமும் வேணுங்க."

"அண்ணா, அவங்களுக்குத்தான்..." என்று அக்கா இழுத்தார்.

"அவளுக்குத்தாங்க வேணும்" என்றவர், மனைவியைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "நாங்க வூட்ல பேசிக்கறது நாங்களாக் கட்டிக்கிட்ட சைகைங்க. சுமதி அங்க போயிப் படிச்சது வேற. போன ஆடி பதினெட்டுக்கு அதுகூடப் படிக்கற, காது கேக்காத பொண்ணுங்க ரெண்டு பேரக் கூட்டிக்கிட்டு வந்துச்சு. மூணு பேரும் நாளெல்லாம் கையாலயே பேசிச் சிரிக்கறாங்க. இவளும் ஆசையா நடுவுல போயி உக்காந்தா. ஒண்ணும் புரியல. ராத்திரி எங்கிட்ட வந்து, 'இத்தன வருசத்துல எனக்குக் காது கேக்கலன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது'ன்னா."

அக்கா ராஜம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்த சீடிய வூட்ல போட்டு, நியூஸ்ல சொல்றத நான் கேட்டு எங்க சைகைல இவளுக்குச் சொல்லுவேங்க. அதே நேரத்துல சுமதி கை என்ன பண்ணுதுன்னு இவ பாத்துக்குவா. அப்படியே ஒவ்வொண்ணாக் கத்துக்கலாம்னு இவளே யோசன பண்ணி வெச்சிருக்கா. சத்தம் இல்லாட்டி எனக்கு என்னங்க தெரியும்? நான் என்னத்தச் சொல்லுவேன்?"

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சத்தம் எங்கிருந்து கிளம்புது, மாதுண்ணா? சொல்லுங்க."

பெட்டியில் விரல் வைத்தேன். சிவப்பையும் வெள்ளையையும் பிடுங்கிவிட்டு, வேறு ஒயரால் பெட்டியைப் பழைய டிவி ஒன்றோடு இணைத்தோம். பேச்சு கணீரென்று வந்தது. ஆகப் பெட்டி நல்லது. இன்னொரு சின்ன ஒயரால் நீலத் துளையில் என் போன் பாட்டைக் கொடுத்துப் பார்த்தோம். பதிவானது. ஆகக் கம்ப்யூட்டரும் நல்லது. நடுவில் இருக்கும் ஒயர்மேல் விரல் வந்தபோது அக்காவே குனிந்து அதன் ஊசிமுனையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

சத்தத்துக்கான முனையில் இரண்டு கறுப்பு வளையங்கள் இருக்கும். கேமராவோடு வருகிற ஒயரின் முனையில் மூன்று இருக்கும். அதில் படமும் சேர்ந்து போகும் என்பதால் கூடுதலாக ஒன்று. எங்கள் கடைக் கேமரா ஒயரில் மஞ்சள் நுனி எப்போதோ அறுந்து போயிருந்ததால், தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கம்ப்யூட்டரில் செருகினால் கேமரா ஒயர் இப்படித்தான் இரைச்சல் போடும்.

முனையில் மூன்று வளையங்கள் இருந்தன.

"ஆண்டவரே" என்று நெற்றியில் தட்டிக்கொண்டார் அக்கா. "காலைல கோயில்ல பாட்டுக் கோஷ்டிக்குக் கீபோர்ட ஆம்ப்ளிஃபயர்ல மாட்ட ஒயர் இல்லன்னாங்க. இங்கிருந்து நாந்தான் எடுத்துக் குடுத்தேன். இதுவும் அதே ஒயர்தானேன்னு, உங்களுக்குத் தெரிய வேணாம்னு இத எடுத்து ஆணில மாட்டிட்டுப் போனேன்."

அந்த மாதிரி இன்னொரு ஒயர் கடையில் இல்லை. அக்கா ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தார். நான் மஞ்சள் ஒயரைத் தொடாமல் காத்திருந்தேன். ராஜம்மா கோவிந்தனைச் சுரண்டி ஏதோ கேட்டார். அவர் பதில் சொன்னார். உடனே அந்த அம்மா எழுந்துபோய்க் கடை வாசலில் நின்று ரோட்டைப் பார்க்கத் தொடங்கினார். டிவியில் செய்திக்கு முந்தைய விளம்பரங்கள் ஓடின. நான் சத்தமில்லாமலேயே பதிவைத் தொடங்கிவிட்டேன், படமாவது இருக்கட்டும் என்று.

வாசலில் ராஜம்மா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். எனக்கு ஸ்கூட்டி சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது.

அக்கா மூச்சு வாங்க உள்ளே வந்தார். "சாவி வெச்சிருக்கற கோயில்பிள்ளை சாப்பிட்டுத் தூங்கிட்டாருண்ணா. எழுப்பிக் கதவத் தொறக்க வெச்சேன். ஒயரப் புடுங்கறப்ப, 'சாயந்தரம் ஜெபமாலைக்குப் பாட்டு இருக்குது'ன்னு என் கையப் புடிச்சுக்கிட்டாரு."

ஒயரை நான் மேசைக்கு அடியில் தவழ்ந்து செருகினேன். நீலம். காதில் மாட்டினேன். விளம்பரப் பாட்டு தெளிவாகக் கேட்டது. சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த பதிவை நிறுத்தி, புதிதாகத் தொடங்கினேன். "பதிவாகுதா?" என்றார் அக்கா. நிறுத்தித் திறந்து பார்க்க அவகாசம் இல்லை. சத்தத்துக்கான பச்சைக் கோடு பேச்சுக்கேற்றபடி குதிப்பதைக் காட்டினேன்.

செய்தி ஆரம்பித்தது. மூலையில் சுமதி நின்றாள். நீலச் சேலை, பின்னிய சடை. கோவிந்தன் "ஏ" என்று மட்டும் சொன்னார். ராஜம்மா நாற்காலியை மானிட்டருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பெரிய படத்தில் என்னென்னவோ ஓடியது. அவர் கண் அந்தக் கட்டத்தை விட்டு நகரவில்லை. மடியில் அவர் விரல்கள் சின்னதாக அசைந்துகொண்டிருந்தன.

முடிந்ததும் பதிவைத் திறந்தேன். படமும் பேச்சும் முழுதாக இருந்தன.

வீட்டுக்குப் போகும்வரை ராஜம்மாவுக்குப் பொறுமையில்லை. அங்கேயே போடச் சொன்னார். செய்தி வாசிப்பவர் "கனமழை" என்றார். அக்கா படத்தை நிறுத்தினார். கோவிந்தன் விரல்களை மேலிருந்து தூறலாக இறக்கிக் காட்டினார். ராஜம்மா மகளின் கையைப் பார்த்தார். ஏறக்குறைய அதேதான்! மேசையைத் தட்டிச் சிரித்தார். அடுத்து ஒரு மந்திரி வந்தார். அதற்கு மகளின் கை வேறு மாதிரி. ராஜம்மா அதைத் தானும் செய்து பார்த்தார். மறுபடி போடச் சொன்னார். மறுபடி செய்தார். ஜூஸ் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்து, "நான் மிக்சி போடலாமா, வேணாமா?" என்றார். யாரும் பதில் சொல்லாததால் நின்று அவரும் பார்த்தார்.

சுமதியை அதன் பிறகு அவ்வப்போது கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் கோவிந்தன் வந்துவிடுவார். டிஷ்ஷை மாடியிலிருந்து நாங்கள் கழற்றவே இல்லை. அக்கா கோயிலுக்கென்று தனியாக ஒரு ஒயர் வாங்கிக் கொடுத்துவிட்டார். கோவிந்தன் வரும்போதெல்லாம் புலம்புவார். "தக்காளிக்குத் தண்ணி கட்ட விடமாட்டேங்கறாங்க. ஒரே நியூஸ் ஓடிக்கிட்டே இருக்குது. போன மாசம் வந்த வெள்ளத்த நான் எத்தன வாட்டிதான் சொல்றது?" புலம்பினாலும் புது சீடியை வாங்கிப் பைக்குள் துணி சுற்றி வைத்துக்கொள்வார்.

அடுத்த மாட்டுப் பொங்கலுக்கு எங்களை அவர்கள் வீட்டுக்கு அழைத்திருந்தார்கள். நானும் அக்காவும் போனோம். சுமதி வந்திருந்தாள். அந்தத் தோழிகள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். வாசலில் பாய் விரித்து மூன்று பேரும் உட்கார்ந்திருக்க, நடுவில் ராஜம்மா இருந்தார். நான்கு ஜோடிக் கைகளும் ஓயாமல் பேசின.

சுமதி எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். "வாங்கக்கா, வாங்கண்ணா. எங்கம்மா பேசறதப் பாத்தீங்களா? எல்லாம் நியூஸ்ல கத்துக்கிட்டது. பொங்கல்ல வெல்லம் கூடிப்போச்சுன்னு சொல்லணும், 'விலை உயர்வு'ங்கறாங்க. பக்கத்து வூட்டுக்காரங்க வந்துட்டுப் போனத 'வெளிநாட்டுத் தலைவர் வருகை'ங்கறாங்க. இவளுங்க சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குதுங்கறாளுங்க."

அப்போது கோவிந்தன் மாட்டுக்குப் படையல் வைத்துவிட்டுத் தட்டோடு வந்தார். அவரைப் பார்த்ததும் ராஜம்மா தோழிகளிடம் நீளமாக ஏதோ சொன்னார். அதில் அந்த மந்திரிக் கை வந்தது மட்டும் எனக்குத் தெரிந்தது. இரண்டு பெண்களும் கோவிந்தனைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். சுமதியும் சிரித்தாள்.

"என்னவாம்?" என்றார் கோவிந்தன்.

சுமதிக்குச் சிரிப்பில் பேச்சு வரவில்லை.

"சொல்லும்மா. மந்திரிங்குதே, யாரு? நானா?"

தட்டை இடுக்கிக்கொண்டு, மனைவியிடம் தங்கள் வீட்டுச் சைகையில் கேட்டார். ராஜம்மா, இரு, அப்புறம் சொல்கிறேன் என்பதுபோல அவரைக் கையமர்த்திவிட்டுத் தோழிகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். பேச்சு தொடர்ந்தது.

"எங்களுக்கு மட்டும் என்னண்ணா புரியுது? வாங்க, நாம இப்படி உக்காரலாம்" என்று அக்கா கட்டிலில் இடம் விட்டார்.

கோவிந்தன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்தார். தன் மனைவியின் கைகளையே பார்த்துக்கொண்டு, அவர்கள் சிரிக்கும்போதெல்லாம், என்னவென்று தெரியாமலே தானும் சிரித்தார்.